ஏ.சி. லொறியால் நெல் தூற்றிய கதை

ஏ.சி.யைப் போட்டவுடன் ஃபான் தானாக ஓட வேண்டும். ஏ.சி.யை நிறுத்தினால் ஃபானும் நிற்க வேண்டும். கேட்டால் இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த இவ்வளவை ஒரு லொறியில் ஒழுங்காகச் செய்து கொடுக்க ஒரு காலத்தில் வன்னியில் ஆள் கிடையாது. என்னைத் தவிர.

வாகன வயரிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, இவன் பெருமை பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை, பெருமை பேசத்தான் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். இன்றைக்கு இரணைமடுப் பக்கத்திலிருந்து வவுனியா வரைக்கும் ஓடுகிற வாகனங்களில் பாதியின் வயிற்றுக்குள் என் வயர் இருக்கிறது. மற்றப் பாதி என்னிடம் வர முதல் நான் கராஜைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டேன். அது அவர்களுடைய கெட்ட காலம்.

என் வெற்றிகளைச் சொல்லத் தொடங்கினால் நீங்களும் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். ஆகவே ஒரு பிழையைச் சொல்கிறேன். சின்னப் பிழை அல்ல. நான் சின்ன வேலைகள் செய்ததில்லை, பிழையும் அப்படித்தான்.

அதற்கு முன் இரண்டு விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, என் கை பழகியது ஏ.சி.யில் அல்ல, நெல்லில். அறுவடை நாளில் காற்று விழுந்துவிட்டால் உழவு இயந்திரத்தில் ஒரு பெரிய விசிறியைப் பூட்டி அதன் முன்னால் நெல் தூற்றுவார்கள். வெட்டி, அடித்து, தூற்றி எல்லாம் தானே செய்கிற பெரிய இயந்திரங்கள் வயலுக்கு வருவதற்கு முந்திய காலம். அந்த விசிறிகளைப் பூட்டிக் கொடுத்துத்தான் நான் ஆளானேன். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்: காற்று இயந்திரத்தை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளே வந்தால் பதரும் தூசியும் இயந்திரத்தை அடைத்துக் கொன்றுவிடும். இந்தச் சட்டம் என் கையில் அப்படி ஊறிப்போனது. சுழலுகிற எதைக் கொடுத்தாலும் என் கை அதை வெளியே ஊதுகிற மாதிரித்தான் பூட்டும். என்னைக் கேட்காது.

இரண்டாவது, நான் வயரிங் பழகிய வவுனியாக் கராஜின் முதலாளி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவருக்கு ஒரு பழக்கம். எந்த வாகனத்தில் வேலை முடிந்தாலும், "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்று சொல்லி அந்த வாகனத்திலேயே ஏறிவிடுவார். கராஜுக்கு எதிரே தேநீர்க்கடை இருக்கும். அதை விட்டுவிட்டு எங்கோ தூரத்திலுள்ள ஒரு கடைக்குப் போவார். தேநீரில் இப்படியொரு பைத்தியமா என்று நாங்கள் அவருக்குப் பின்னால் சிரிப்போம். நான் தனியாகக் கராஜ் போட்டபோது அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரவில்லை. என் கராஜில் தேநீர் என்னைத் தேடி வரும்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

அப்போது என் கராஜ் புதுக்குடியிருப்பில். ரவி என்று ஒரு லொறிக்காரன். முன்னுக்கும் பின்னுக்கும் ஆசனம் உள்ள பெரிய முன்பெட்டி, அதற்கு ஏ.சி. சூடு வெளியேறும் ஏ.சி.த் தட்டு, முன் சில்லுக்கும் டீசல் தாங்கிக்கும் இடையில், முன்பக்கம் பார்த்து, சற்று வீதி ஓரத்துக்குச் சரிந்தபடி தொங்கும். அந்தத் தட்டுக்குக் காற்றுக் கொடுக்கிற ஃபான் இறுகிப்போய்விட்டது. அதே ஃபான் எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிற ஆளா? உடைத்துப் போட்ட இரண்டு சின்னக் கார்களிலிருந்து இரண்டு ஃபான்களைக் கழற்றினேன். லொறிக்கு இருபத்துநாலு வோல்ற், கார் ஃபானுக்குப் பன்னிரண்டு. நேரே கொடுத்தால் எரிந்துவிடும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தேன். ஆளுக்குப் பாதிப் பாதி. ஏ.சி.யின் கொம்பிரசருக்குப் போகிற வயரிலிருந்து ஒரு சைகை எடுத்து, அது வந்தால் மட்டும் ஃபானுக்கு மின்சாரம் விடுகிற ரிலேயில் போட்டேன். ரவி ஏ.சி. பொத்தானை அமத்த, இரண்டு ஃபானும் ஒரே மூச்சில் எழும்பி ஓடின. கொஞ்ச நேரத்தில் முன்பெட்டிக்குள் கை விறைத்தது. கராஜில் நின்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக ஏறியிருந்து குளிர் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். தேநீர் வந்தது. குடித்தேன். லொறி நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த நேரம் ரவியின் மனைவி ஜெயந்தி வந்தாள். அவளும் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின் ஆசனத்தில் கையை வைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் மாதிரி ஆகா என்று சொல்லவில்லை.

"அண்ணை, பட்டர் ஐசிங் தாங்குமோ?" என்றாள்.

ஜெயந்தி வீட்டில் கேக் செய்கிறவள். பிறந்தநாள் கேக் செய்து ஊருக்குள் நல்ல பெயர். இப்போது ஒரு பெரிய காரியத்தில் கைவைத்திருந்தாள். பூவரசங்குளத்தில் ரவியின் அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மேடையில் வைக்க ஆறு தட்டுக் கேக், உச்சியில் ஐசிங்கால் செய்த, சேலை கட்டிய பொம்மை, தட்டுத் தட்டாக ரோசாப்பூ. காருக்குள் அது அடங்காது. லொறியின் பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு அங்கே பலகை போட்டு ஏ.சி.க்குள் கொண்டுபோவதுதான் திட்டம்.

ரவியின் அக்காவுக்கு வவுனியா டவுனில் கேக் எடுக்கத்தான் விருப்பம். தம்பி மனைவி செய்கிறேன் என்று நின்றதால் ஓமென்று சொல்லிவிட்டு, கூடவே ஒன்று சொன்னாவாம்: "எதுக்கும் நான் டவுனில ஒண்டு சொல்லி வைக்கிறன்." அந்த "எதுக்கும்" என்ற சொல் ஜெயந்தியின் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டு நின்றது. தன் கேக் சரிந்து போனாலோ, பிந்திப் போனாலோ, டவுன் கேக் மேடை ஏறிவிடும். பிறகு ஆயுளுக்கும் ரவியின் குடும்பத்தில் அவளுடைய கேக்கை யாரும் கேக் என்று சொல்லப்போவதில்லை.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது, நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. நான் மீசையைத் தடவினேன். என் மீசையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் அது இன்னும் பெரிது. ஊரில் எனக்கு மீசை அண்ணை என்றுதான் பெயர்.

"தங்கச்சி, அந்தக் கேக்கில ஒரு பூ சரிஞ்சாலும் நான் இந்த மீசையை எடுக்கிறன்" என்றேன். கராஜ் முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.

"அப்ப நீங்களும் எங்களோட வாங்கோ" என்றாள் ஜெயந்தி. "சரிஞ்சா அங்கயே எடுக்கலாம். மண்டபத்துக்குப் பக்கத்தில சலூன் இருக்காம்."

ஆவணி வெயில். விடியற்காலையில் புறப்பட்டோம். ரவி சாரதி ஆசனத்தில், நடுவில் ஜெயந்தி, கதவோரம் நான். நான் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி, சந்தனம். பின்னால் பலகையில் ஐந்து தட்டும் பெட்டி பெட்டியாக. ஆறாவது தட்டையும் பொம்மையையும் ஜெயந்தி பெட்டிக்குள் வைக்கச் சம்மதிக்கவில்லை. என் மடியில் வைத்தாள். "மீசை உங்கட, பொறுப்பும் உங்கட" என்றாள்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யைப் போட்டான் ரவி. நான் என் ஃபான்களின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தேன். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வரும்போது எனக்கு வேர்த்தது. பேசியதால் வந்த வேர்வை என்று நினைத்தேன். ஜெயந்தி ஏ.சி. வாயில் கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காற்று வந்தது, குளிர் வரவில்லை.

ஏ.சி.க்கான காஸ் குறைந்திருக்கும் என்றேன். ரவி, போன மாதம்தான் காஸ் அடித்தது என்றான். அப்படியென்றால் கூடியிருக்கும் என்றேன். வாகனம் பற்றிய எந்தக் கேள்விக்கும் என்னிடம் உடனே பதில் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும்.

அப்போது பார்த்து ஒரு எருமைக் கூட்டம் வீதியை மறித்தது. அவை தம் பாட்டில் நின்றன, நாங்களும் நின்றோம். நிற்க நிற்க, ஏ.சி. குளிரத் தொடங்கியது. நல்ல குளிர். நான் ரவியின் தோளில் தட்டி, பார்த்தாயா என்றேன். எருமைகள் விலகின, லொறி ஓடியது, குளிர் போனது. மாங்குளத்தில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. நின்றோம். குளிர்ந்தது. கடவை திறந்தது. ஓடினோம். அவிந்தது.

"அண்ணை" என்றாள் ஜெயந்தி, "எல்லாற்ற ஏ.சி.யும் ஓடேக்கை குளிரும், நிண்டா சுடும். உங்கட ஏ.சி. நிண்டா குளிருது, ஓடினா அவியுது. இது லொறிக்குப் பூட்டினதோ, வீட்டுக்குப் பூட்டினதோ?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்தக் கேள்வியிலேயே முழுப் பதிலும் இருந்தது. நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் மடியிலிருந்த பொம்மையில். பொம்மையின் முகம் உருகி, நாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. புறப்படும்போது பதின்மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தவள், ஏ9 வீதிக்கு ஏறும்போது நடுத்தர வயதுக்கு வந்துவிட்டாள்.

பிறகு நாங்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குலுங்கும். ஓடுவது, அவிவது, நிற்பது, குளிர்வது, திரும்ப ஓடுவது. ஏ9 வீதியில் பஸ்கள் எங்களை முந்திப்போகும், நாங்கள் ஒரு மரநிழலில் நிற்போம். எதற்கு நிற்கிறோம் என்று ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இரங்கிக் கேட்டார். கேக்குக்குக் குளிர் காட்டுகிறோம் என்று ரவி சொன்னான். அவர் எங்கள் மூவரின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இதற்கிடையில் ரவியின் அக்காவிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. டவுன் கேக், பெட்டியோடு, மண்டபத்து மேசையில். கீழே ஒரு வரி: எவடத்தில வாறியள்?

ஜெயந்தி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். "எங்கட கேக்கின்ர இடத்திலதான் வச்சிருக்கினம்" என்றாள். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. அவள் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. மீசை போனால் முளைக்கும்.

கனகராயன்குளம் தாண்டி மீண்டும் நிறுத்தினோம். வீதி ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தூற்றாத நெல் ஒரு குவியல். ஒரு நடுத்தர வயதுப் பெண் சுளகோடு நின்று, காற்று எங்கே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. ரவி இரண்டு நிமிடம் குளிரவிட்டு லொறியை எடுக்கப் போனான். அவர் ஓடிவந்து கதவில் தட்டினார்.

"ஐயா, எடுத்துறாதீங்க. அப்படியே நிக்கட்டும்."

ஏன் என்று கேட்டான் ரவி.

"இன்னிக்கு ஒரு பொட்டுக் காத்து இல்லீங்க. ஒங்க லொறி நல்லாத் தூத்துது. இன்னும் ரெண்டு மூட்டதான் கெடக்கு."

நான் மடியிலிருந்த பொம்மையை ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர் சொன்னது உண்மை. லொறியின் பக்கத்திலிருந்து என் இரண்டு ஃபான்களும் முன்பக்கம் நோக்கிச் சீராக ஊதிக்கொண்டிருந்தன. அந்த அம்மா ஏ.சி.த் தட்டுக்கு எதிரே குந்தியிருந்து சுளகைச் சரிக்க, நெல் நேரே படங்கில் விழுந்தது, பதர் பறந்து லொறியின் முகத்தையும் தாண்டி அப்பால் போனது. இவ்வளவு அழகான தூற்றலை நான் என் உழவு இயந்திர நாட்களில்கூடக் கண்டதில்லை. ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த கணம்தான் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.

ஃபான் முன்னுக்கு ஊதுகிறது. லொறி ஓடும்போது காற்று முன்னாலிருந்து வருகிறது. இரண்டும் தட்டின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தட்டுக்குள் காற்றே போகவில்லை, சூடு வெளியேறவில்லை. நின்றால் முட்ட ஆளில்லை, ஆகவே குளிர்கிறது. என் கை, என்னைக் கேட்காமல், நெல் விசிறி மாதிரிப் பூட்டிவிட்டது. உலகத்திலேயே ஏ.சி. லொறிக்கு நெல் தூற்றும் விசிறி பூட்டிய முதல் மனிதன் நான்தான். இதையும் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்த வீதி ஓரத்தில் நிற்கும்போதுதான் என் முதலாளியின் தேநீர் எனக்கு விளங்கியது. அவர் தேநீர் குடிக்கப் போனதேயில்லை. ஓடுகிற வாகனத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். கடை தூரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவை. நான் கராஜில் நின்ற லொறிக்குக் கைதட்டு வாங்கிக்கொண்டு, தேநீரை அங்கேயே வரவழைத்தேன்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மருந்து எனக்குத் தெரியும். கோர்த்த வேலை என்பதால், வரும் வயரையும் போகும் வயரையும் ஓரிடத்தில் வெட்டி மாற்றிக் கட்டினால் இரண்டு ஃபானும் திரும்பிச் சுழலும். ஆனால் நான் வேலைக்கு வந்தவன் அல்ல, விருந்துக்கு வந்தவன். கையில் குறடு இல்லை, வயரில் சுற்றுகிற ரேப் இல்லை. பிழை விட்டால் ஃபானே ஓடாது. இருக்கிற அரைக் குளிரும் போய்விடும்.

ரவி வேண்டாம் என்றான். "தொடாதையுங்கோ அண்ணை. நிண்டு நிண்டு எண்டாலும் போய்ச் சேருவம்."

"நிண்டு நிண்டு போனா அந்தப் பிள்ளையின்ர கலியாணத்துக்குத்தான் போய்ச் சேருவம்" என்றாள் ஜெயந்தி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, எனக்கு வீரக் கதை வேண்டாம். மீசையை மறந்திட்டுச் சொல்லுங்கோ. ஏலுமோ, ஏலாதோ?"

என் வாழ்க்கையில் நான் உடனே பதில் சொல்லாத ஒரே கேள்வி அது. ஏலும் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்ததைப் பிடித்து நிறுத்தினேன். ஏலுமா என்று யோசிக்கவில்லை, ஏலாமல் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். நீங்கள் என்னிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலுமா என்ற கேள்விக்கு எங்களைப் போன்றவர்களின் வாய் எப்போதும் ஓமென்றுதான் சொல்லும். மற்றக் கேள்விக்கு வாய் பொய் சொல்லாது.

மிஞ்சுவது கேக்கில் இருக்கிற குளிர் மட்டும்தான். ஆகவே முதலில் அதைக் கூட்ட வேண்டும். லொறி நன்றாக நிற்கட்டும், கேக் தட்டுகள் கல்லாக இறுகட்டும், அதற்குப் பிறகு வயரைத் தொடுவேன். பிழை விட்டாலும் வவுனியா வரைக்குமாவது அந்தக் குளிர் தாங்கும், அங்கே ஏதாவது வழி பார்க்கலாம். இதைச் சொன்னேன். ஜெயந்தி தலையாட்டினாள்.

அந்த அம்மாவிடம் குறடு இருக்கிறதா என்று கேட்டேன். வேலிக் கம்பி முறுக்குகிற குறடு வீட்டில் இருக்கிறதாம். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் அல்ல.

"குறடு தாறேன். மொதல்ல எங்க நெல்ல தூத்திக் குடுங்க. நீங்க காத்த திருப்பிட்டா அப்புறம் நான் எங்க போவேன்?"

இதைவிடப் பொருத்தமான பேரம் பூமியில் நடந்திருக்காது. எங்களுக்கு லொறி நிற்க வேண்டும், அவருக்கும் லொறி நிற்க வேண்டும். ரவி மூட்டை தூக்கினான். நான் பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, பழைய நாளில் மாதிரி எங்கே குந்த வேண்டும், சுளகை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கட்டளை போட்டேன். அந்த அம்மா, நான் கட்டளை போடாத மாதிரியே தன் பாட்டில் தூற்றினார். வெளியே பதர் பறக்க, உள்ளே ஐசிங் இறுக, வீதியால் போன பஸ்ஸிலிருந்து சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. வெண்ணிற லொறி, ஏ.சி. போட்டபடி, நெல் தூற்றுகிறது. உள்ளே ஒரு பெண் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சேலை கட்டிய ஒரு பொம்மையின் நாடியைச் சின்னக் கரண்டியால் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

தூற்றி முடிந்தது. குறடு வந்தது. நான் லொறிக்குக் கீழே போக முதல் ஜெயந்தி என்னை மறித்தாள். எண்ணெய்க் கறையோடு மண்டபத்துக்கு வரக்கூடாது என்று, கேக் அடுக்கும்போது தான் கட்டுவதற்குக் கொண்டுவந்த ஏப்ரனைத் தந்தாள். இளஞ்சிவப்பு. சுற்றிவரச் சுருக்குக் கரை. கட்டினேன். வன்னியின் முதல்தர வயரிங்காரன் ஏ9 வீதி ஓரத்தில் அந்தக் கோலத்தில் மல்லாந்து படுத்திருந்தான்.

கீழே போவதற்கு முன் ஒன்று செய்தேன். பியூஸைக் கழற்றி, ஜெயந்தியின் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னேன். வேறு பியூஸ் எங்களிடம் இல்லை. அவசரம் என்று சொல்லித்தான் எங்கள் ஆட்கள் பியூஸைக் கழற்றாமல் வயரை வெட்டுகிறார்கள். நேரம் குறைவாக இருக்கும்போதுதான் அந்தக் கொஞ்ச நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மற்ற வேளைகளில் மறந்தால்கூடத் தப்பிவிடலாம்.

வெட்டினேன், மாற்றினேன், முறுக்கினேன், கேக் பெட்டி ஒட்டுகிற ரேப்பால் சுற்றினேன். நீங்கள் அந்த ரேப்பை ஒருநாளும் பாவிக்க வேண்டாம். நானும் மறுநாளே கழற்றி ஒழுங்காகச் செய்தேன். பியூஸைப் போட்டு, ரவி பொத்தானை அமத்தினான். ஃபான் எழும்பியது. இந்த முறை பதர் பறக்கவில்லை. படங்கின் ஓரத்தில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்பு எழும்பி வந்து தட்டின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

"இழுக்குது" என்றேன்.

"ஓடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றாள் ஜெயந்தி. என் முதலாளியை அவள் கண்டதேயில்லை.

ஓடினோம். குளிர்ந்தது. புளியங்குளம் போனது, ஓமந்தை போனது, குளிர் போகவில்லை. ரவி விசிலடித்தான். நான் இழந்த பேச்செல்லாம் திரும்பி வந்து பேசத் தொடங்கினேன். ஜெயந்தி பின்னால் திரும்பி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள். இரண்டாவது தட்டுப் பெட்டியைத் திறந்தவள் அதைத் திரும்ப மூடவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு ரோசாப்பூ. ஒன்றே ஒன்று. தன் இடத்தை விட்டுச் சரிந்து ஓரத்தில் தொங்கியது.

என் கை தானாக மீசைக்குப் போனது.

அவள் கரண்டியால் அந்தப் பூவை இலேசாக எடுத்தாள். அந்த இடத்தில் ஐசிங் பையால் புதுப் பூ ஒன்றைப் பிழிந்தாள். லொறி ஓட ஓட, கை ஆடாமல். சரிந்த பூ கரண்டியில் இருந்தது.

"வாயைத் திறவுங்கோ அண்ணை" என்றாள்.

திறந்தேன். கதை முடிந்தது. இப்போது கேக்கில் சரிந்த பூ என்று ஒன்று இல்லை.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது டவுன் கேக்கின் பெட்டியைத் திறந்து மேசையில் தூக்கி வைக்க ஆயத்தமாகிவிட்டார்கள். ஜெயந்தி தட்டுத் தட்டாக இறக்கி, அடுக்கி, உச்சியில் பொம்மையை நிறுத்தினாள். பிள்ளையைத் தோழிமார் கூட்டிவந்து மேடை ஏற்ற முதல் எல்லாம் முடிந்துவிட்டது. ரவியின் அக்கா சுற்றிவந்து பார்த்தா. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. பிழை தேடுகிற நடை எனக்குத் தெரியும், நானே நெடுகச் செய்வது. மூன்றாவது சுற்றில் நின்று, பொம்மையின் கொண்டையைக் காட்டினா.

"இது என்ன?"

கொண்டையில் ஒரு நெல்மணி. தூற்றும்போது என் சட்டையில் ஒட்டி வந்து விழுந்திருக்க வேண்டும். எனக்கு மூச்சு நின்றது. ஜெயந்திக்கு நிற்கவில்லை.

"நெல்லு மச்சாள்" என்றாள். "நெல்லு நிரப்பி நிறைநாழி வைக்கிற சடங்கு. நெல்லில்லாமல் என்ன கேக்? கனகராயன்குளத்தில தூத்தி எடுத்த புது நெல்லு."

அதில் ஒரு பொய்யும் இல்லை. பக்கத்தில் நின்ற வயதான பெண்கள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டி, நல்ல விசயம் என்றார்கள். டவுன் கேக் குசினிக்குப் போனது. அன்றைக்கு அங்கே பாத்திரம் கழுவியவர்கள் நல்ல கேக் சாப்பிட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். நான் எப்போது அப்படி இருந்தேன்? மேடைக்கு முன்னால் கூடிய சனத்துக்கு, ஆவணி வெயிலில் புதுக்குடியிருப்பிலிருந்து பட்டர் ஐசிங் கேக் வந்த அதிசயத்தை விளக்கினேன். ஏ.சி.யோடு சேர்ந்து எழும்புகிற ஃபான் பற்றிச் சொன்னேன். ஒரு பூ, ஒரே ஒரு பூ சரிந்திருந்தாலும் இந்த மீசை இன்றைக்கு இருந்திராது என்று மீசையை முறுக்கிக் காட்டினேன். சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. பாராட்டுச் சிரிப்பு என்று நினைத்து இன்னும் உரத்துச் சொன்னேன்.

ரவியின் அக்கா கேக்கின் இரண்டாவது தட்டைப் பார்த்தா. அங்கே மற்றப் பூக்களைவிட ஒரு பூ கொஞ்சம் புதிதாக மின்னியது. பிறகு என் மீசையைப் பார்த்தா. பிறகு ஜெயந்தியைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தா.

"மூத்தவளின்ர கலியாணத்துக்கும் நீர்தான் கேக் செய்யவேணும், ஜெயந்தி" என்றா. "எதுக்கும் இந்த மீசை அண்ணைக்கு ஒரு கைலேஞ்சியும் கொண்டு வாரும்."

ஜெயந்தி என் காதருகில் வந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணை, மீசையில பூ இருக்கு. துடையுங்கோ."

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேலை முடிந்ததும் அந்த வாகனத்திலேயே ஏறித் தேநீர் குடிக்கப் போங்கள். தூரத்துக் கடையாகப் பாருங்கள். திரும்பி வந்த பிறகு எவ்வளவு பெருமை வேண்டுமானாலும் பேசுங்கள், நான் தடுக்க மாட்டேன். பேச முதல் வாகனத்தின் கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.